வேகப் பந்தயத்தில் விளையும் பயிர்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். முளையிலே தெரிந்த பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது, யார் வேலி கட்டுவது, எத்தனை நாள் காத்திருப்பது என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். கார் பந்தய உலகத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பெரிய குழுக்கள் கண்டுபிடித்திருக்கும் விடைகள் வியப்பானவை. சில சமயம் மனத்தை உறுத்துபவை.

இதைப் பற்றி நம் இதழில் எழுதக் காரணம் உண்டு. நாம் வாழும் பெருநகரங்களில் இன்று ‘கோ-கார்ட்’ ஓட்டும் இடங்கள் பெருகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். பத்து வயதுப் பையனோ பெண்ணோ மற்றவர்களைவிட வேகமாகச் சுற்றிவந்தால், “நான் ஃபார்முலா ஒன் ஓட்டப் போகிறேன்” என்று வீட்டில் அறிவிப்பு வந்துவிடுகிறது. சிரித்து ஒதுக்குவதா, ஊக்குவிப்பதா என்று பெற்றோர் திகைக்கிறார்கள். அந்தப் பாதை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

ஏணியும் அதன் படிகளும்

பந்தய ஓட்டுநர் ஆவதற்கு ஒரு திட்டமான ஏணி இருக்கிறது. ஏறக்குறைய எட்டு வயதில் கார்ட் வண்டியில் தொடங்குகிறார்கள். பதினைந்து வயதில் ஃபார்முலா 4. பிறகு வட்டார அளவிலான பந்தயங்கள், ஃபார்முலா 3, ஃபார்முலா 2, கடைசியாக ஃபார்முலா ஒன். உச்சிப்படியில் இருக்கும் இருக்கைகளோ உலகம் முழுவதற்கும் இருபதை ஒட்டிய எண்ணிக்கைதான். அவற்றில் ஆண்டுக்கு ஆண்டு காலியாவது இரண்டோ மூன்றோ.

உச்சிப்படிக்குச் செல்ல ‘சூப்பர் லைசென்ஸ்’ என்ற உரிமம் வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. 2016 முதல் இதற்குக் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. பொதுவாக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கீழ்ப்படிகளில் பெற்ற இடங்களுக்குப் புள்ளிகள் உண்டு. மூன்று பருவங்களுக்குள் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தால் அந்த 40 ஒரே ஆண்டில் கிடைத்துவிடும். ஃபார்முலா 4இல் பட்டமே வென்றாலும் 12தான்.

செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஐரோப்பாவில் ஃபார்முலா 4 ஓட்ட ஆண்டுக்குச் சில கோடி ரூபாய். ஃபார்முலா 2க்கு வரும்போது ஒரு பருவத்துக்கு இருபது கோடியைத் தாண்டிவிடும். கார், இயந்திரம், டயர், மெக்கானிக், பயணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓட்டுநர் தரப்பே பந்தயக் குழுவுக்குப் பணம் கட்ட வேண்டும். கிரிக்கெட்டில் நன்றாக ஆடினால் சம்பளம் தருவார்கள். இங்கே உச்சிப்படியை எட்டும்வரை ஆடுவதற்கு நாம்தான் பணம் தரவேண்டும்.

ஆகவே திறமை உள்ள பிள்ளைக்கும் ஃபார்முலா ஒன்னுக்கும் நடுவே நிற்கும் சுவர் பெரும்பாலும் பணச் சுவர். குழுக்களின் இளையோர் பயிற்சித் திட்டங்கள் அந்தச் சுவரில் ஒரு சிறு கதவைத் திறக்கின்றன. அந்தக் கதவு எந்த நேரமும் மூடப்படலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

திட்டம் இல்லாமல் ஏறியவர்

இத்தகைய திட்டங்களின் அருமையை உணர, அவை கிடைக்காமல் ஏறிய நம்மவர் ஒருவரைப் பார்ப்போம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1977இல் பிறந்தவர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய அளவில் புகழ்பெற்ற ராலி ஓட்டுநர். 1992இல், பதினைந்து வயதில், நரேன் பிரான்சு நாட்டு எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனார். 1993இல் நம் நாட்டு ஃபார்முலா மாருதி பந்தயங்களில் ஓட்டினார். 1994இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம் வென்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2001இல் ஜாகுவார் குழுவின் காரைச் சோதனைக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அதற்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005இல் டாட்டா போன்ற நிறுவனங்களின் ஆதரவோடு ஜோர்டன் குழுவில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 28. கிடைத்த காரும் பின்வரிசைக் கார். அந்த ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரீயில், டயர் பிரச்சினையால் பெரும்பாலான குழுக்கள் விலகிக்கொள்ள, ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் 2010இல் ஹிஸ்பானியா என்ற பின்வரிசைக் குழுவில்தான் நுழைய முடிந்தது.

இருவருக்கும் திறமையிலோ உழைப்பிலோ குறைவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஸ்பான்சர் தேடுவதில் கழிந்த காலம், சரியான கார் கிடைக்காமல் போன பருவங்கள், இவைதான் விலையாயின. பத்து வயதிலேயே ஒரு பெரிய குழு ஒருவரைத் தத்தெடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது.

ஒன்பது ஆண்டு கழித்து வரச் சொன்னவர்

இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்ற ஊரில் 1985இல் பிறந்தவர் லூயிஸ் ஹாமில்டன். அப்பா அந்தோணி சாதாரணச் சம்பளக்காரர். மகனின் கார்ட் பந்தயச் செலவுக்காக ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தவர். 1995இல் ஒரு பரிசளிப்பு விழாவில், பத்து வயதுச் சிறுவனாக இருந்த லூயிஸ், மெக்லாரன் குழுவின் தலைவர் ரான் டென்னிஸிடம் போய், “ஒருநாள் உங்கள் காரை ஓட்ட விரும்புகிறேன்” என்றார். ஒன்பது ஆண்டு கழித்துத் தொலைபேசியில் கூப்பிடும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டென்னிஸ்.

ஒன்பது ஆண்டு ஆகவில்லை. 1998இல் மெக்லாரனே அழைத்து, பதின்மூன்று வயதுச் சிறுவனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு படியும் ஒழுங்காக நடந்தது. 2003இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ரெனால்ட் பட்டம், 2005இல் ஐரோப்பிய ஃபார்முலா 3 பட்டம், 2006இல் இன்றைய ஃபார்முலா 2க்கு நிகரான ஜி.பி.2 பட்டம், 2007இல் மெக்லாரன் கார், 2008இல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகச் சாம்பியன். மொத்தம் ஏழு முறை உலகப் பட்டம் வென்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மெக்லாரன் அவருக்குத் திறமையைக் கொடுக்கவில்லை. அது முன்பே இருந்தது. குழு கொடுத்தது காலத்தை. அடுத்த ஆண்டுக்குப் பணம் எங்கே என்ற கவலை இல்லாமல், நல்ல காரில், நல்ல பொறியாளர்களோடு ஓட்டிப் பழக ஒன்பது ஆண்டுகள் கிடைத்தன.

சல்லடை முறை

மெக்லாரன் ஒரு கன்றை நட்டு வளர்த்தது என்றால், ரெட் புல் ஒரு பண்ணையே வைத்தது. ஆஸ்திரிய நாட்டுப் பான நிறுவனமான ரெட் புல் 2001இல் இளையோர் அணியைத் தொடங்கியது. முன்னாள் ஓட்டுநர் ஹெல்முட் மார்க்கோ அதைப் பல ஆண்டுகள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். நிறுவனம் 2004இன் இறுதியில் ஜாகுவார் குழுவை வாங்கித் தன் முதன்மைக் குழு ஆக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே இத்தாலியின் சிறிய குழுவான மினார்டியையும் வாங்கி, டோரோ ரோசோ என்று பெயரிட்டு, 2006 முதல் இளைஞர்களுக்கான பயிற்சிக் களமாக மாற்றியது. ஃபார்முலா ஒன்னுக்குள்ளேயே சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது.

பலன் கிடைத்தது. ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல் 2008இல், 21 வயதில், டோரோ ரோசோ காரில் மோன்சா பந்தயத்தை வென்றார். முதன்மைக் குழுவே அதுவரை ஒரு பந்தயத்தையும் வென்றிருக்கவில்லை! பிறகு முதன்மைக் குழுவுக்கு மாறி, 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார். நெதர்லாந்தின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015இல், 17 வயதில், டோரோ ரோசோவில் ஓட்டத் தொடங்கினார். மறு ஆண்டு முதன்மைக் குழுவுக்கு மாற்றப்பட்டு, முதல் பந்தயத்திலேயே ஸ்பெயினில் வென்றார். 2021 முதல் 2024 வரை அவரும் நான்கு பட்டம் பெற்றார். 18 வயது நிரம்ப வேண்டும் என்ற விதி வந்ததே இவர் அத்தனை சிறுவயதில் நுழைந்த பிறகுதான்.

இதே பண்ணையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016இல் வெர்ஸ்டாப்பனுக்கு இடம் கொடுப்பதற்காக இறக்கப்பட்டவர் ரஷ்யாவின் டேனில் க்வியாட். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் சீனாவில் மூன்றாவதாக வந்து மேடை ஏறியிருந்தார். 2019இல் பியர் காஸ்லி பன்னிரண்டு பந்தயங்களுக்குப் பின் கீழே அனுப்பப்பட்டார். 2025இல் லியாம் லாசனுக்கு இரண்டே பந்தயங்கள்தான் கிடைத்தன. ஃபார்முலா ஒன் வரை வந்தவர்களுக்கே இந்தக் கதி. கார்ட்டிலும் ஃபார்முலா 4இலும் கழித்துவிடப்பட்ட பிள்ளைகளின் பெயர் செய்தித்தாளில் வருவதுகூட இல்லை.

உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள்?

தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் பயிற்சி நான்கு வகை.

முதலாவது, உடல். வளைவுகளிலும் பிரேக் போடும்போதும் ஓட்டுநர் மீது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு வரை விசை தாக்குகிறது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால், அந்த நேரத்தில் கழுத்து தாங்குவது முப்பது கிலோவுக்கும் மேல். இதனால் கழுத்துக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. ஒன்றரை மணி நேரம் வெப்பத்தில் அமர்ந்து கவனம் சிதறாமல் ஓட்ட, இருதயமும் நுரையீரலும் பழக வேண்டும்.

இரண்டாவது, சிமுலேட்டர். 2009 முதல் பருவத்தின் நடுவே புதிய கார்களைத் தனியாக ஓட்டிப் பார்க்க ஃபார்முலா ஒன்னில் கட்டுப்பாடு வந்துவிட்டது. எனவே குழுக்கள் தங்கள் தொழிற்கூடத்திலேயே, உண்மையான காரைப் போல இயங்கும் இயந்திரத்தில் பழக்குகின்றன. இளைஞர்களுக்கு இது பயிற்சி. குழுவுக்கோ காரைச் சீர்செய்ய உதவும் உழைப்பு. வசதியுள்ள குழுக்கள் பழைய ஆண்டின் கார்களில் அழைத்துப் போய் ஓட்டவும் விடுகின்றன.

மூன்றாவது, கணக்கு. காரில் பொருத்திய கருவிகள் ஒவ்வொரு நொடியும் வேகம், பிரேக்கின் அழுத்தம், ஸ்டீயரிங் திரும்பிய அளவு எல்லாவற்றையும் பதிவு செய்கின்றன. ஒரே காரை ஓட்டிய இருவரின் கோடுகளைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த வளைவில் யார் எத்தனை மீட்டர் முன்னதாகப் பிரேக் போட்டார் என்று தெரிந்துவிடும். தன் பிழையைத் தானே படித்து, அடுத்த சுற்றில் திருத்திக்கொள்கிற பிள்ளையைத்தான் பொறியாளர்கள் விரும்புகிறார்கள். ஒரே நாளின் வேகத்தைவிட இந்தக் கற்கும் திறனுக்கு மதிப்பு அதிகம்.

நான்காவது, நடத்தை. நிருபர்களிடம் பேசுவது, ஸ்பான்சர்களிடம் பழகுவது, தோல்விக்குப் பின் முகம் சுளிக்காமல் பொறியாளரிடம் காரணம் சொல்வது எல்லாம் பாடங்கள். இத்தாலியின் கிமி அன்டோனெல்லி 2019இல், பன்னிரண்டு வயதில், மெர்சிடிஸ் திட்டத்தில் சேர்ந்தவர். 2024இல் மோன்சாவில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பயிற்சி ஓட்டத்தில் இறங்கி, சில நிமிடங்களிலேயே காரை மோதிவிட்டார். மறுநாளே மெர்சிடிஸ் அவரை 2025ஆம் ஆண்டின் ஓட்டுநராக அறிவித்தது. ஐந்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த கணக்கு கையில் இருந்ததால், ஒரு மோதலை வைத்து அவர்கள் முடிவெடுக்கவில்லை. அவர் 2025இல் பந்தயங்களுக்கு நடுவே பள்ளி இறுதித் தேர்வையும் எழுதினார் என்பது நம் பெற்றோர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

குழுவுக்கு என்ன லாபம்?

இதெல்லாம் தான தர்மம் அல்ல. பெயர்பெற்ற சாம்பியனை விலைக்கு வாங்கக் கோடிக்கணக்கில் சம்பளம் தரவேண்டும். இளவயதில் பிடித்தவரை நீண்ட ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தயாரானதும் தங்களிடம் இயந்திரம் வாங்கும் சிறிய குழுவில் ஓட்ட அனுப்பிப் பக்குவப்படுத்தலாம். 2009இல் பயிற்சிக் கழகம் தொடங்கிய ஃபெராரி, 2016இல் சேர்ந்த ஷார்ல் லெக்லேரை 2018இல் சாபர் குழுவில் ஓட்டவைத்து, 2019இல் தன்னிடம் எடுத்துக்கொண்டது. மெர்சிடிஸ், ஜார்ஜ் ரஸ்ஸலை மூன்றாண்டுகள் வில்லியம்ஸ் குழுவில் விட்டுவைத்து, 2022இல் அழைத்துக்கொண்டது.

காக்கவைத்தால் பயிர் அடுத்த வயலுக்குப் போவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி, இன்று ஆல்பைன் எனப்படும் ரெனால்ட் குழுவின் திட்டத்தில் இருந்தபோது 2020இல் ஃபார்முலா 3, 2021இல் ஃபார்முலா 2 பட்டங்களை வென்றார். 2022இல் இருக்கை கிடைக்காமல் மாற்று ஓட்டுநராக உட்கார்ந்திருந்தார். அந்த ஆகஸ்டில் ஆல்பைன் அவரை அடுத்த ஆண்டின் ஓட்டுநராக அறிவிக்க, “நான் சம்மதிக்கவில்லை” என்று அவர் மறுத்தார். வழக்கு ஒப்பந்தங்களை ஆராயும் குழுவிடம் போனது. மெக்லாரனோடு அவர் செய்த ஒப்பந்தமே செல்லும் என்று செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படிக்க ஆள் வைத்திருந்தவர் பிழைத்தார்.

கழிக்கப்பட்டவர்கள்

சல்லடையில் நிற்காதவர்கள் எல்லாம் வீணாகிவிடவில்லை. நியூசிலாந்தின் பிரெண்டன் ஹார்ட்லியை 2010இல் ரெட் புல் விலக்கியது. அவர் நெடுந்தூரப் பந்தயங்களுக்கு மாறி, போர்ஷ் காரில் 2015இல் உலகப் பட்டமும் 2017இல் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயமும் வென்றார். அதே ஆண்டு, விலக்கியவர்களே திரும்ப அழைத்து டோரோ ரோசோவில் இடம் கொடுத்தார்கள். 2014இன் இறுதியில் இடம் இழந்த பிரான்சின் ஜான்-எரிக் வெர்ன், மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ பந்தயத்தில் இருமுறை சாம்பியன் ஆனார். அலெக்ஸ் ஆல்பன் இளையோர் அணியிலிருந்து 2012இல் நீக்கப்பட்டு, 2019இல் திரும்ப எடுக்கப்பட்டு, 2020இன் முடிவில் மறுபடி நீக்கப்பட்டு, 2022இல் வில்லியம்ஸ் குழுவில் எழுந்து நின்றவர்.

இவர்களுக்குக் கைகொடுத்தது பயிற்சிக் காலத்தில் கற்றதுதான். காரைப் புரிந்துகொள்ளவும் பொறியாளரோடு பேசவும் தெரிந்திருந்ததால் வேறு கதவுகள் திறந்தன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இது உயிரோடு விளையாடும் விளையாட்டு. ஃபெராரி கழகத்தின் முதல் மாணவர் ஜூல் பியாங்கி 2014இல் ஜப்பானில் விபத்துக்குள்ளாகி, 2015இல் மறைந்தார். ரெனால்ட் திட்டத்தில் இருந்த ஆந்த்வான் யூபேர் 2019 ஆகஸ்டு 31 அன்று பெல்ஜியத்தில் ஃபார்முலா 2 பந்தயத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 22. பாதுகாப்பு எவ்வளவோ வளர்ந்திருந்தும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை.

நம் நாட்டில்

இந்தியப் பிள்ளைகளுக்கும் கதவு சிறிது திறந்திருக்கிறது. 2011இல் ஃபோர்ஸ் இந்தியா குழு நாடு முழுவதும் கார்ட் ஓட்டும் சிறுவர்களிடையே தேர்வு நடத்தியது. அதில் தேறிய மும்பையின் ஜெஹான் தாருவாலா இங்கிலாந்து போய்ப் பயிற்சி பெற்று, 2020இல் ரெட் புல் இளையோர் அணியில் இடம் பிடித்தார். ஃபார்முலா 2இல் பந்தயங்கள் வென்றும் ஃபார்முலா ஒன் இருக்கை கிட்டவில்லை. ஃபார்முலா ஈயில் ஓட்டினார். பெங்களூரின் குஷ் மைனி 2023இல் ஆல்பைன் திட்டத்தில் சேர்ந்து, 2025இல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் பந்தயத்தை வென்றார்.

உள்நாட்டிலும் ஏணியின் கீழ்ப்படி வந்துவிட்டது. இந்திய ஃபார்முலா 4 தொடர் 2023இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயமே நடந்தது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். பெண் பிள்ளைகளுக்கென 2023இல் எஃப் ஒன் அகாதமி என்ற தொடர் வந்திருக்கிறது. 2024 முதல் ஃபார்முலா ஒன் குழுக்கள் பத்தும் அதில் ஆளுக்கொரு பெண்ணை ஆதரித்தன. மகளுக்கு ஆர்வம் இருந்தால் தயங்க வேண்டாம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு, வாய்ப்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போவது புதிதல்ல. ஆனால் நாம் புறப்பட்டபோது கையில் ஒரு படிப்போ தொழிலோ இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை வேகத்தை மட்டும் நம்பி அனுப்பும்போது, சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்கிக்கொள்ள வேண்டும்.

செலவில் எவ்வளவு பங்கைக் குழு ஏற்கிறது? முழுவதுமா, பாதியா, வெறும் பெயரும் தொப்பியும் மட்டுமா? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? ஆண்டுதோறும் எந்த அளவுகோலை வைத்து நீட்டிக்கிறார்கள்? அவர்கள் விலக்கினால் பிள்ளை உடனே வேறு குழுவில் சேரலாமா? பிற்காலச் சம்பாத்தியத்தில் பங்கு கேட்கிறார்களா? பள்ளிப் படிப்புக்கு என்ன ஏற்பாடு? காயம் பட்டால் காப்பீடு யார் பொறுப்பு? கையெழுத்துக்கு முன் இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது செலவில் சேராது.

படிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் பாதியில் நிறுத்த வேண்டாம். கணிதமும் இயற்பியலும் காரை நன்கு ஓட்டவே உதவும். ஒரு ஃபார்முலா ஒன் காரை ஓட்டுபவர் ஒருவர். அதை உருவாக்கி ஓடவைப்பவர்கள் பல நூறு பேர். பொறியாளர், கணக்கு ஆய்வாளர், மெக்கானிக் என்று அந்தக் கூடாரத்துக்குள் நுழைய வேறு வாசல்களும் இருக்கின்றன. ஓட்டும் கனவு கலைந்தாலும் பந்தயத்தின் மேல் உள்ள காதல் கலைய வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளை கார்ட் வண்டியிலிருந்து இறங்கி வந்ததும், எத்தனையாவது வந்தாய் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வளைவில் நேரம் போயிற்று, அடுத்த முறை அங்கே என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். அதற்கு யோசித்து விடை சொல்கிற பிள்ளை பந்தயத்தில் நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும், எடுத்த காரியத்தில் தேறிவிடும்.